தலையெழுத்தும் நஷ்ட ஈடும்

நம்மவர் நாவில் நெடுங்காலமாக ஊறிக் கிடக்கும் சொற்களுள் மிகுந்த தீங்கு விளைத்த சொல் எதுவென்று கேட்பின், "தலையெழுத்து" என்பதே எமது விடை. மரம் சாய்ந்து ஒருவன் கால் ஒடிந்தால் தலையெழுத்து. ரப்பர் ஆலையில் உருளைகளின் இடையே விரல் நசுங்கினால் தலையெழுத்து. கட்டடத்துச் சாரத்திலிருந்து ஒருவன் விழுந்து மாண்டால், மறுமாதம் அவன் மனைவி மக்கள் நடுத்தெருவில் நிற்பதும் தலையெழுத்து. அடிபட்டவனும் இதைச் சொல்லுகிறான். அவனுக்கு ஆறுதல் கூற வருகிறவனும் இதையே சொல்லுகிறான். அவனுக்குக் கடன்பட்ட முதலாளியோ, இதைக் கேட்டு உள்ளூற மகிழ்கிறான்.

இச்சொல்லை வழங்கியவர் நம்மவர் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. பொய்ம்முடி தரித்து நீதியாசனத்தில் வீற்றிருந்த இங்கிலாந்து தேசத்து நீதிபதிகளும், நூல் பல கற்ற அமெரிக்க நீதிபதிகளும், இதே கருத்தைத் தங்கள் மொழியில், சட்டத்தின் குரலில் மொழிந்தனர். அதனை அந்நாட்டு நீதிமன்றத்தினின்று விரட்டச் சரியாக அறுபது ஆண்டுகள் பிடித்தன. இன்று நஷ்ட ஈட்டு விசாரணைக்குச் செல்லும் தொழிலாளித் தோழர், அங்கே தம்மிடம் எவற்றைக் கேட்பார்கள், ஏன் கேட்பார்கள் என்பதை அறிய வேண்டுமாயின், அந்த அறுபது ஆண்டுகளின் சரித்திரத்தையும், அதன் பின் நிகழ்ந்தவற்றையும் சிறிதேனும் அறிதல் அவசியமாகும்.

இறைச்சிக்காரனின் வேலையாள்

இங்கிலாந்தில் தாமஸ் பௌலர் என்னும் இறைச்சி வியாபாரியிடம் சார்லஸ் பிரீஸ்ட்லி என்னும் இளைஞன் வேலை செய்து வந்தான். ஒரு நாள், ஆட்டிறைச்சி அளவுக்கு மிஞ்சி ஏற்றப்பட்ட வண்டியில் அவன் அனுப்பப்பட்டான். பாரம் தாங்காமல் வண்டி முறிந்தது. அவனுடைய தொடையெலும்பும் முறிந்தது. அவன் சார்பில் வழக்குத் தொடரப்பட, 1836-ஆம் ஆண்டில் ஜூரிகள் அவனுக்கு 100 பவுன் கொடுக்கும்படி தீர்ப்பளித்தனர். முதலாளி மேலே சென்றான். 1837-ல் அபிஞ்சர் பிரபு என்னும் நீதிபதி அந்த 100 பவுனையும் இல்லையென்று ஆக்கினார்.

அவர் கூறிய நியாயம் யாது? இவனுக்குக் கொடுத்தால், ஈரப் படுக்கையை விரித்த பணிப்பெண்ணுக்காகவும், பாத்திரத்தைச் சரியாக விளக்காத சமையற்காரிக்காகவும், எஜமானன் தன் வேலையாட்கள் அனைவருக்கும் பொறுப்பாளியாக நேரிடுமாம். வண்டியின் பாரம் எவ்வளவு என்பது எஜமானனைவிட வேலையாளுக்கே நன்கு தெரிந்திருக்கக் கூடுமாம். ஆபத்து என்று தோன்றினால் ஏறமாட்டேன் என்று அவன் மறுத்திருக்கலாமாம். மறுத்தால் மறுநாள் அவன் வயிற்றுக்கு என்ன வழி என்பதை அந்தத் தீர்ப்பு கேட்கவில்லை. "ஏறினாய் அல்லவா? ஆகவே ஏற்றுக்கொண்டாய்" என்பதே அதன் சாரம். நம் பாட்டிமார் கூறும் தலையெழுத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அங்கே எழுதியவன் பிரமன். இங்கே எழுதியவர் நீதிபதி. அவ்வளவே.

ஐந்து ஆண்டுகள் சென்று, 1842-ல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் இதைவிடத் தெளிவான ஒரு தீர்ப்பு வந்தது. பார்வெல் என்னும் ரயில் இயந்திர ஓட்டி, தண்டவாளத்தைத் திருப்பி வைக்கும் சக தொழிலாளியின் கவனக்குறைவால் வலக்கையை இழந்தான். தலைமை நீதிபதி லெமுயெல் ஷா என்பவர், அவனுக்கு நாளொன்றுக்கு 2 டாலர் கொடுக்கப்பட்டதை எடுத்துக் காட்டி, அந்த உயர்ந்த கூலியிலேயே ஆபத்தின் விலையும் அடங்கியிருக்கிறது என்று கொண்டார். மேலும், உடன் வேலை செய்பவனுடைய தவறு முதலாளியைச் சேராது என்றும் உரைத்தார். முதலாளி என்பவன் நேரே வந்து தண்டவாளத்தைத் திருப்புவதில்லை. எல்லா வேலையும் தொழிலாளிகளே செய்கிறார்கள். ஆகவே எல்லாத் தவறும் தொழிலாளியின் தவறே. முதலாளி எக்காலத்தும் குற்றமற்றவன்! இந்தக் கணக்குக்கு "பொது வேலைக் கோட்பாடு" என்று பெயர்.

மூன்று பூட்டுக்கள் அக்காலத்தில் தொழிலாளியின் வாயிலை அடைத்திருந்தன. உடன் வேலை செய்தவன் தவறு என்பது ஒன்று. ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தாய் என்பது இரண்டு. உன் கவனக்குறைவும் சிறிது கலந்திருந்தது என்பது மூன்று. இம்மூன்றையும் திறந்து உள்ளே புகுந்த தொழிலாளி அரிதினும் அரிது. மாண்டு போனவன் நிலையோ இன்னும் பரிதாபம். 1846-ஆம் ஆண்டு வரையில் இங்கிலாந்தில், ஒருவன் இறந்தால் அவனுடைய வழக்கும் அவனோடு இறந்தது. காலை ஒடித்தாலாவது கேள்வி உண்டு. உயிரைப் போக்கினால் அதுவும் இல்லை. அந்த ஆண்டுச் சட்டத்தையே பின்பற்றி இந்தியாவிலும் 1855-ல் ஒரு சட்டம் வந்தது. ஆயினும், குற்றம் முதலாளியுடையதே என்று ருசுப்பிக்கும் பாரம் விதவையின் தலைமீதே இருந்தது.

கேள்வி மாறிய ஆண்டு

1880-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. மேற்பார்வையாளர் தவறினால் முதலாளி பொறுப்பு என்று அது கூறியது. நல்லதே. ஆனால் 1882-ல் டட்லி பிரபுவின் வழக்கில், அந்தச் சட்டத்தின் பயன் எனக்கு வேண்டாம் என்று தொழிலாளி முன்னதாகவே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று தீர்ப்பாயிற்று. சட்டம் கொடுத்ததை ஒரு கையெழுத்து பறித்தது. கையெழுத்து இல்லையேல் வேலை இல்லை என்றால், எத்தனை பேர் மறுப்பர்?

ஜெர்மனி தேசம் வேறு வழியைக் கண்டது. பிஸ்மார்க் காலத்தில், 1884-ல் இயற்றப்பட்ட விபத்துக் காப்புச் சட்டம், முதலாளிகளைத் தொழில்வாரியாகச் சங்கங்களில் சேர்த்து, அவர்கள் செலுத்தும் பணத்திலிருந்து அடிபட்டவனுக்கு உதவித்தொகை கொடுக்கச் செய்தது. முழுதும் செயலிழந்தவனுக்குக் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது. பிஸ்மார்க் தொழிலாளரின் நண்பர் அல்லர். சமதர்மக் கட்சியின் வளர்ச்சியைத் தடுக்கவே இதைச் செய்தார் என்பது பிரசித்தம். நோக்கம் எதுவாயினும், அந்தச் சட்டத்தில் ஒரு பேருண்மை ஒளிந்திருந்தது. யந்திரத் தொழில் உள்ள இடத்தில் விபத்தும் உண்டு. கரி, எண்ணெய், தேய்மானம் ஆகியவற்றைச் செலவுக் கணக்கில் எழுதுகிற முதலாளி, மனிதனின் தேய்மானத்தையும் அதே கணக்கில் எழுத வேண்டும் என்பதே அது.

இங்கிலாந்தில் ஜோசப் சேம்பர்லின் என்பவரின் முயற்சியால் 1897-ல் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் நிறைவேறியது. அபிஞ்சர் பிரபுவின் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே அறுபது ஆண்டுகள். இந்தச் சட்டம் கேள்வியையே மாற்றிற்று. "குற்றம் யாருடையது?" என்ற பழைய கேள்வியை அது பின்னே தள்ளிவிட்டு, "இவ்விபத்து வேலையினால் விளைந்ததா, வேலையின் போது விளைந்ததா?" என்று மட்டும் கேட்டது. ஆம் என்றால், வேண்டுமென்றே செய்த பெருந்தவறு ஒன்றுதவிர, வேறு எதுவும் தடையாகாது. இறந்தவன் குடும்பத்துக்கு மூன்று ஆண்டுக் கூலி அல்லது 150 பவுன், இவற்றில் எது அதிகமோ அது, 300 பவுனுக்கு மேற்படாமல் கொடுக்கப்பட்டது. அடிபட்டவனுக்கு வாரக் கூலியில் பாதி கிடைத்தது. தொடக்கத்தில் ரயில், ஆலை, சுரங்கம், கற்சுரங்கம், பெருங்கட்டடம் முதலியவற்றுக்கே இது பொருந்திற்று. 1900-ல் விவசாயத் தொழிலாளரும், 1906-ல் மற்றுமுள்ளோரில் பெரும்பாலோரும் சேர்க்கப்பட்டனர். பழைய "பொது வேலைக் கோட்பாடு" இங்கிலாந்தில் முற்றும் ஒழிந்தது 1948-லேதான்.

உடம்புக்கு ஒரு பட்டியல்

இந்தியாவில் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1923-ல் இயற்றப்பட்டு, 1924-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன் இணைப்பாக ஒரு பட்டியல் இருந்தது. வலக்கை முழங்கைக்கு மேல் போனால் நூற்றுக்கு 70 பங்கு சக்தி இழப்பு, இடக்கை அவ்வாறு போனால் 60, கால் முழங்காலுக்கு மேல் போனால் 60, ஒரு கண் போனால் 30, கட்டைவிரல் 25, ஆள்காட்டி விரல் 10, மற்ற விரல் ஒவ்வொன்றும் 5. இறந்தவன் குடும்பத்துக்கு முப்பது மாதக் கூலி அல்லது 2500 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. பிரிட்டனில் "எது அதிகமோ அது". இந்தியாவில் "எது குறைவோ அது". ஒரே பேரரசு, ஒரே வகையான சட்டம், ஒரு சொல்லில் மாற்றம். அந்த ஒரு சொல்லில் காலனி ஆட்சியின் இயல்பு முழுதும் அடங்கியிருந்தது.

மனித உறுப்புக்கு இறைச்சிக் கடையைப் போல் விலை எழுதுவதா என்று சிலர் அருவருப்படையலாம். அருவருப்பு நியாயமே. ஆனால் அந்தப் பட்டியல் வருமுன் கட்டைவிரலின் விலை என்ன? ஒன்றுமில்லை. துரை மனமிரங்கினால் ஐந்து ரூபாய், இரங்காவிடில் வசவு. பட்டியல் கருணையற்றதாயினும், பேரத்துக்கு இடம் தராதது. எழுத்தறியாதவனுக்கு அதுவே பெரும் பாதுகாப்பு.

அந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேறு மூன்று ஏற்பாடுகள் நாம் கருதத்தக்கவை. முதலாவது, தொழிலாளி இறந்தால் முதலாளி பணத்தைக் குடும்பத்தார் கையில் நேரே கொடுத்துவிட்டு, கொடுத்தாயிற்று என்று சொல்ல முடியாது. கமிஷனரிடம் செலுத்த வேண்டும், கமிஷனரே பங்கிட வேண்டும். நூறு ரூபாயைக் காட்டி ஐந்நூறுக்குக் கைநாட்டு வாங்கும் வித்தைக்கு இது முடிவு கட்ட முயன்றது. இரண்டாவது, உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது. டட்லி பிரபுவின் வழக்கு இங்கே செல்லுபடியாகாமற் போயிற்று. மூன்றாவது, முதலாளி தன் வேலையை ஒரு கண்டிராக்டரிடம் விட்டிருந்தாலும், கண்டிராக்டரின் ஆளுக்கு நேர்ந்த விபத்துக்கு அந்த முதலாளியே பொறுப்பாளியாவான். இம்மூன்றும் அனுபவத்தில் பிறந்தவை. ஒவ்வொரு ஷரத்தின் பின்னும் ஏமாற்றப்பட்ட ஒரு கூட்டம் நிற்கிறது.

இந்நாட்டில்

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை இருந்த காலத்தில், சட்டம் தொழிலாளியை நினைத்தது பெரும்பாலும் அவனைத் தண்டிப்பதற்கே. வேலையை விட்டு ஓடியவனுக்குச் சிறை உண்டு. அம்முறையில் இந்தியரைச் சேர்ப்பது 1910-ல் நின்றது. பின்னர் கங்காணி முறை ஓங்கியது. 1923-ல் மலாய் ஐக்கிய நாடுகளில் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. நஷ்ட ஈட்டுச் சட்டங்களும் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே இங்கு வழக்கில் இருந்தன. மலாயாக் கூட்டரசு முழுமைக்குமான தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1952-ல் இயற்றப்பட்டது.

மலேசியா பின்னர் ஜெர்மானிய வழியைப் பின்பற்றிற்று. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 1971-ல் சொக்சோ நிறுவப்பட்டது. முதலாளியும் தொழிலாளியும் மாதந்தோறும் செலுத்தும் நிதியிலிருந்து உதவித்தொகை வருகிறது. வெளிநாட்டுத் தொழிலாளர் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதலும், வீட்டுப் பணியாளர் 2021-ஆம் ஆண்டு ஜூன் முதலும் அதில் சேர்க்கப்பட்டனர். சிங்கப்பூரோ ஆங்கிலேய வழியிலேயே, முதலாளியின் பொறுப்பையும் அதற்கான காப்புறுதியையும் கொண்டு நடந்தது. அங்கே 1975-ல் புதிய நஷ்ட ஈட்டுச் சட்டம் வந்தது. 2008-ல் அது வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் மாறி, கைவேலை செய்வோர் அல்லாத ஊழியரையும் தழுவிக்கொண்டது. இன்று அங்கு நடப்பது, 2020 செப்டம்பரில் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம்.

விசாரணையில் கேட்கப்படுபவை

விசாரணை என்றதும் நம்மவர் பலருக்குக் கைகால் நடுங்குகிறது. குற்றவாளிக் கூண்டு நினைவுக்கு வருகிறது. அங்கே செல்கிறவர் குற்றவாளி அல்லர், உரிமை கேட்பவர். சிங்கப்பூரில், கணக்கிடப்பட்ட தொகையையோ பொறுப்பையோ ஒரு தரப்பார் மறுத்தால், மனிதவள அமைச்சின் உதவி ஆணையர் விசாரிக்கிறார். மலேசியாவில் உறுப்பிழப்பின் அளவை மருத்துவக் குழு தீர்மானிக்கிறது. இரு நாட்டிலும் கேள்விகள் ஐந்துதான். அவ்வைந்தும் மேற்கூறிய சரித்திரத்திலிருந்து பிறந்தவை.

முதற் கேள்வி: நீர் யாருடைய தொழிலாளி? கண்டிராக்டரும் அவனுக்குக் கீழ்க் கண்டிராக்டரும் மலிந்த இக்காலத்தில், இதுவே முதல் பள்ளம். "அவன் என் ஆள் அல்லன்" என்று அடுத்தடுத்து மூவர் சொல்லுவர். சம்பளச் சீட்டு, வேலைப் பதிவேடு, வங்கிக் கணக்கு, எந்த இடத்துக்கு எப்போது வரவேண்டும் என்று மேற்பார்வையாளர் கைத்தொலைபேசியில் அனுப்பிய செய்தி ஆகிய இவையே விடை. வாகனத்தில் பொருள் கொண்டுசெல்லும் தளத் தொழிலாளர்களை "சொந்தமாகத் தொழில் செய்வோர்" என்று சொல்லி நெடுநாள் ஒதுக்கி வைத்தனர். சிங்கப்பூரில் 2025 ஜனவரி முதல் அவர்களுக்கும் இப்பாதுகாப்பு வந்தது.

இரண்டாம் கேள்வி: நடந்தது விபத்தா? விபத்து என்றால் மேலே ஏதேனும் விழவேண்டும் என்பது இல்லை. 1903-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் பென்டன் என்பவனின் வழக்கு வந்தது. ஒரு யந்திரச் சக்கரத்தைத் தன் முழுப் பலத்தோடும் திருப்பியபோது அவனுக்குக் குடலிறக்கம் உண்டாயிற்று. யந்திரம் உடையவில்லை, ஒன்றும் விழவில்லை, ஆகவே விபத்து இல்லை என்றனர் எதிர்த் தரப்பார். எதிர்பாராமல் நேர்ந்த கேடு எதுவும் விபத்தே என்றது சபை. 1905-ல், கம்பளி பிரிப்பவன் கண்ணில் நோய்க்கிருமி புகுந்து மாண்டதும் விபத்தெனக் கொள்ளப்பட்டது. 1914-ல், அயர்லாந்தில் மாணவர் கூடித் தாக்கிக் கொன்ற ஆசிரியரின் மரணமும், பெரும்பான்மை நீதிபதிகளால் விபத்தென்றே தீர்மானிக்கப்பட்டது. கொன்றவர்களுக்கு அது திட்டம். மாண்டவருக்கு அது எதிர்பாராத கேடுதானே? ஆகவே, மூட்டை தூக்குகையில் முதுகு பிடித்துக்கொண்ட தோழர், "இது விபத்தாகுமா?" என்று தாமே ஐயுற்று வாளாவிருத்தல் கூடாது.

மூன்றாம் கேள்வி: வேலையினால், வேலையின் போது நேர்ந்ததா? 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர் நாடி இன்றும் இங்கே துடிக்கிறது. எந்த நேரம், எந்த இடம், யார் சொல்லி அங்கே சென்றீர், யார் பார்த்தார் என்று கேட்பார்கள். இங்கே சட்டம் தொழிலாளிக்குத் துணை நிற்கிறது. வேலையின் போது நேர்ந்தது என்று காட்டிவிட்டால், மாறான சாட்சியம் இல்லாதவரை, வேலையினாலேயே நேர்ந்தது என்று மலேசியச் சட்டமும் சிங்கப்பூர்ச் சட்டமும் அனுமானிக்கின்றன. மலேசியாவில் வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலும், திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் சேரும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குடிபோதையினால் நேர்ந்த காயத்துக்கு 1923-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் வழி அடைத்தது. சிங்கப்பூர்ச் சட்டமும் மரணம் நேராதவிடத்து வழி அடைக்கிறது. தோட்டந்தோறும் கள்ளுக்கடை வைத்துச் சம்பளத்தைத் திரும்ப வாங்கிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. குடித்தவன் கூலியை மட்டும் இழக்கவில்லை, காயத்தின் ஈட்டையும் இழந்தான் என்பதை நினைவிற் கொள்க.

நான்காம் கேள்வி: கூலி எவ்வளவு, குறை எவ்வளவு? ஈட்டுத் தொகை பெரிதும் இவ்விரண்டையும் பொறுத்தது. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் முதலாளி காட்டக்கூடும். மிகைநேரக் கூலியும் படிகளும் எங்கே என்று கேட்க வேண்டியவர் தொழிலாளியே. குறையை அளப்பவர் மருத்துவர். மருத்துவர் முன் சிலர் வீரம் பேசுகின்றனர். "பரவாயில்லை, ஐயா" என்கின்றனர். வேறு சிலர் இல்லாத நோவைக் கூட்டி முனகுகின்றனர். இரண்டும் தவறு. எதைத் தூக்க முடியவில்லை, எவ்வளவு நேரம் நிற்க முடியவில்லை, எந்தப் படியில் ஏற முடியவில்லை என்பதை உள்ளபடி உரைப்பதே தக்கது.

ஐந்தாம் கேள்வி, இறந்தவர் பொருட்டே எழுவது: நீர் அவருக்கு என்ன உறவு? இங்கேதான் நம் சமூகம் தன் பிழைக்குத் தானே தண்டனை பெற்றுக்கொள்கிறது. தாலி கட்டியாயிற்று, ஊரார் உண்டாயிற்று. ஆனால் பதிவு இல்லை. சிங்கப்பூரில் 1961-ஆம் ஆண்டின் மாதர் சாசனமும், மலேசியாவில் 1982 மார்ச்சில் அமலுக்கு வந்த திருமணச் சீர்திருத்தச் சட்டமும் பதிவை வற்புறுத்தின. ஐயர் வந்து ஓதியதும், ஐம்பது பானை சோறு வடித்ததும் விசாரணையில் சாட்சி சொல்லா. ஒரு தாள் சொல்லும். திருமணப் பதிவும், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற வெறுஞ் சம்பிரதாயம் என்று நினைப்பவர், ஒரு விதவை அந்தத் தாள் இன்றி அலுவலகம் அலுவலகமாக அலைவதை எண்ணிப் பார்க்கட்டும். திருமணத்தன்று பந்தலுக்குக் கொடுக்கும் பணத்தில் நூற்றில் ஒரு பங்கும் இதற்கு வேண்டாம்.

தோற்பது எங்கே?

விசாரணையில் தோற்பவர் பெரும்பாலும் அன்று தோற்பதில்லை. விபத்து நடந்த நாளிலேயே தோற்றுவிடுகின்றனர். அடிபட்டவுடன் முதலில் பார்க்கும் மருத்துவரிடம், "வேலையில் நேர்ந்தது" என்று சொல்லாமல், "வழுக்கி விழுந்தேன்" என்று மட்டும் சொல்லி வைப்பார். மேற்பார்வையாளர் அவ்வாறே சொல்லச் சொல்லியிருப்பார். பல மாதம் கழித்து, அந்த முதற் குறிப்பே அவருக்கு எதிராக எழுந்து நிற்கும். ஆகவே, அன்றைக்கே முதலாளிக்குத் தெரிவித்தல் வேண்டும். மலேசியாவில் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். சிங்கப்பூரில் விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோரிக்கை சென்றாக வேண்டும். அருகில் நின்று பார்த்தவர் பெயரும் ஊரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வேலை மாறி அவர் சென்றுவிட்டால் பின் தேடுவது அரிது. மருத்துவச் சீட்டு ஒவ்வொன்றையும் ஓர் உறையில் இட்டுக் காத்தல் வேண்டும்.

விசாரணையில் மொழி தெரியாவிடில், தெரிந்தாற்போல் தலையசைக்கலாகாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேட்க வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லி, தாம் சொன்னது அதுதானா என்று தெளிந்த பின்பே கையெழுத்திட வேண்டும். எழுதாத தாளில் கையெழுத்திடுதல் தற்கொலைக்குச் சமானம். "ராஜியாகப் போய்விடுவோம், இந்தா ரொக்கம்" என்று யாரேனும் இரவில் வீட்டுக்கு வந்தால், பட்டியலின்படி தொகை எவ்வளவு என்று விசாரித்தறிந்த பின்பே வாய் திறக்க வேண்டும். சிங்கப்பூரில் இச்சட்டப்படியும் கோரலாம், நீதிமன்றத்தில் வழக்கும் தொடரலாம். ஆனால் இரண்டில் ஒன்றையே தேர்ந்துகொள்ள முடியும். ஆதலால் தேர்ந்துகொள்ளுமுன் அறிந்தவரைக் கலந்துகொள்க. தொழிற்சங்கம் எதற்கு இருக்கிறது? சந்தா கட்டுவது ஆண்டு விழாவில் மாலை போடுவதற்கு மட்டுமா?

தீர்ப்பு பாதகமாயினும் கதவு அடைபடுவதில்லை. மலேசியாவில் மருத்துவக் குழுவின் முடிவை மேல்முறையீட்டு மருத்துவக் குழுவிடமும், மற்ற விஷயங்களைச் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு மன்றத்திடமும் கொண்டு செல்லலாம். முக்கியமான சட்டப் பிரச்சினை இருப்பின், இரு நாடுகளிலும் உயர் நீதிமன்றம் வரை வழி உண்டு. ஒவ்வொன்றுக்கும் தவணை உண்டு. தீர்ப்பைக் கையில் வாங்கிய அன்றே அந்தத் தவணையைக் கேட்டறிந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வேற்பாடுகளில் குறையே இல்லை என்று நாம் கூறவில்லை. மலேசியாவில் சொக்சோ பெறுபவர் தம் முதலாளிமீது தனியே நஷ்ட ஈட்டு வழக்குத் தொடர முடியாது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் வீட்டுப் பணியாளர் சேரவில்லை. தொகைக்கு உச்ச வரம்பு உண்டு. இவை மேலும் திருந்த வேண்டியவை. முன்பு திருந்தியவை போலவே, கேட்பவர் கேட்டால்தான் திருந்தும்.

சார்லஸ் பிரீஸ்ட்லிக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. பார்வெலின் கை திரும்ப வரவில்லை. ஆயினும் அவர்கள், தங்கள் கேட்டைத் தலையெழுத்து என்று ஏற்றுக்கொண்டு வீட்டில் கிடக்கவில்லை. சென்று கேட்டார்கள், தோற்றார்கள். அவர்கள் தோற்ற கேள்வியே பின்வந்தோர் வென்ற சட்டமாயிற்று. இன்று அச்சட்டம் நம் கையில் இருக்கிறது. அதைக் கேட்கத் தெரியாமல் நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்பவருக்கு, 1837-ஆம் ஆண்டு இன்னும் முடியவில்லை என்றே சொல்ல வேண்டும். தோழர்களே! நெற்றியில் எழுதியிருப்பதாகச் சொல்லப்படுவதை இதுவரை யாரும் வாசித்துக் காட்டியதில்லை. சட்டத்தில் எழுதியிருப்பதை வாசிக்கலாம். வாசிக்கத் தெரியாதவருக்கு, தெரிந்தவர் வாசித்துக் காட்டுவதே இக்காலத்தில் ஒருவர் மற்றொருவருக்குச் செய்யத்தக்க பேருதவியாகும்.